பொங்கல் காலையில் போரி பந்தர்

மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் போரி பந்தரை அறியாதார் இலர். தென்னகத்திலிருந்து வண்டியேறி வந்தோருள் பலர் இந்நகரில் முதன்முதல் அடி வைத்த இடம் அதுவே. 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள், பதினான்கு பெட்டிகளில் ஏறத்தாழ 400 விருந்தினரை ஏற்றிக்கொண்டு தாணாவுக்குப் புறப்பட்ட வண்டி இவ்விடத்திலிருந்தே சென்றது. இன்றைய மாளிகை அப்போது இல்லை. ஸ்டீவன்ஸ் என்னும் ஆங்கிலேயர் வரைந்த அக்கட்டடம் 1878-இல் தொடங்கிப் பத்தாண்டுகளில் எழுந்தது. விக்டோரியா டெர்மினஸ் என்ற பெயர் போய்ச் சத்திரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் ஆன பின்னும், முதியோர் வாயில் போரி பந்தரும் வி.டி.யுமே நிற்கின்றன. 2004-இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. மும்பை மாரத்தான் ஓட்டம் பிறந்ததும் அதே 2004-இல்தான்.

மாரத்தான் என்னும் சொல்லை நம்மவர் மிகத் தாராளமாக வழங்குகின்றனர். பள்ளிப் பிள்ளைகள் தெருக்கோடி வரை ஓடி வந்தாலும் அது மாரத்தான்தான்! உண்மையில் அதன் தூரம் 42.195 கிலோமீட்டர், 1908-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய அத்தூரம் 1921-இல் நிலையான அளவாயிற்று. நாம் ஓடியது அதுவன்று. அவ்விழாவின் ஓர் அங்கமாகிய டிரீம் ரன் என்னும் சிற்றோட்டம், 5.9 கிலோமீட்டர், மாரத்தானில் ஏழில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. இரயில்வேக் கணக்கில் சொன்னால், 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட ஹூப்ளி நிலையத்தின் 1,507 மீட்டர் நடைமேடையை ஏறக்குறைய இரு முறை போய் வரும் தூரம் என்க.

முப்பது வயதைக் கடந்த, நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து ஏடு எழுதும் எழுத்தருக்கு ஓட்டம் எதற்கு என்று அன்பர்கள் வினவலாம். விளையாட்டுக்காக அன்று. மருத்துவர் இரத்தத்தைச் சோதித்து, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.2 என்றார். 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு. நாம் நின்றது வாசற்படியில். நம் தந்தையார் அந்நோயினால் வலக்காலின் இரு விரல்களை இழந்து, ஓய்வூதியக் காலம் முழுவதும் திண்ணையோடு இருந்தவர். எனவே 6.2 என்ற எண் நமக்கு வெறும் எண்ணாகத் தோன்றவில்லை. சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் நீரிழிவு உடையார் 10.1 கோடி, அதன் வாசலில் நிற்பார் 13.6 கோடி. நம் சங்கத்து விழாக்களில் பந்தி முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து மாத்திரைகள் வெளிவருவதைக் கண்டோருக்கு இதில் வியப்பு இராது.

அக்டோபரில் பயிற்சி தொடங்கினோம். இரயில்வேக் குடியிருப்பின் மைதானமே களம். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. நமக்கு ஆசானாக வாய்த்தவர் சாத்தாரா மாவட்டத்துக் கீமேன் ஒருவர். நாள்தோறும் தோளில் சாவியும் சுத்தியலும் சுமந்து, தண்டவாளத்தின் ஒவ்வொரு பிடிப்பையும் பார்த்துக்கொண்டு ஐந்தாறு கிலோமீட்டர் நடந்து, அவ்வளவும் திரும்பி வருபவர். கருங்கல் சல்லியின் மேல் நடக்கும் அந்நடைக்கு எவரும் பதக்கம் அளிப்பதில்லை. நம் ஓட்டத்தை ஒரு காலை நின்று பார்த்தவர், “பாபுஜி, பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற வேகத்தில் போங்கள். பேச்சு அறுந்தால் வேகம் மிகுதி என்று பொருள்” என்று மராத்தியில் சொன்னார். பின்னர் மருத்துவரும் அதனையே சொன்னார். அவருக்குக் கட்டணம் கொடுத்தோம்.

டிசம்பர் இறுதியில் நிற்காமல் நான்கு கிலோமீட்டர் ஓட முடிந்தது. அதன் பின்னரே தடை வந்தது. கொரோனாவினால் 2021, 2022 ஆகிய ஈராண்டும் நடவாத விழா, 2023 சனவரி 15, ஞாயிறன்று மீண்டும் கூடிற்று. பொங்கலும் அன்றே! “பானை வைக்கும்போது வீட்டு ஆண்பிள்ளை தெருவில் ஓடுவதா?” என்று அன்னையார் சினந்தார். வீட்டு அம்மாள்தான் தீர்ப்பு அளித்தாள்: “பத்தரை மணிக்குப் பானை வைக்கிறேன் அத்தை. அதற்குள் வந்தால் குலவைக்கு ஓர் ஆள் கூடும். வராவிட்டாலும் பால் பொங்கும்.” இரயில்வேக்காரனுக்குக் காலம் குறித்துக் கொடுத்த பின் வேறு பேச்சு இல்லை.

அன்று காலை ஆசாத் மைதானத்தில் கண்ட கூட்டத்தை எழுத்தில் அடக்குவது அரிது. அனைத்துப் பிரிவுகளிலும் சேர்த்து 55,000-க்கும் மேற்பட்டோர் பதிவு செய்திருந்தனராம். நம் பிரிவில் கால அளவு இல்லை; பரிசும் இல்லை. ஆகவே வேடிக்கைக்குக் குறைவில்லை. காந்தி வேடமிட்டோர், மரம் போல் இலை தரித்தோர், அறப்பணிகளுக்குப் பொருள் திரட்டும் பதாகை ஏந்தியோர், வெள்ளைத் தொப்பி அணிந்த முதியோர் எனப் பல திறத்தார். பெருநிறுவனங்கள் தம் ஊழியரை ஒரே நிறச் சட்டையில் அணிவகுத்து நிறுத்தியிருந்தது நமக்கு ஓட்டமாகத் தோன்றவில்லை, விளம்பரமாகவே தோன்றியது. எட்டு மணி கடந்து எம்மை விடுத்தனர். முதல் அரை மணியில் பாதி நேரம் நடக்கவே இடம் இருந்தது. தாதர் நிலையத்து மாலை நெரிசல் எழுந்து சாலையில் நடந்தால் எவ்வாறு இருக்குமோ அவ்வாறே இருந்தது.

ஆயினும் ஒன்று. அலுவல் நாளில் போரி பந்தர் வாசலில் சாலையைக் கடக்க வேண்டின், நிலத்தடிப் பாதையில் இறங்கி ஏற வேண்டும். மேலே பேருந்துக்கும் காருக்குமே உரிமை. அன்று அதே சாலையின் நடுவே நடந்தோம். தலை நிமிர்ந்து பார்த்தபோது, ஆண்டுக்கணக்காக நாம் வேலைக்கு ஓடி வந்த கட்டடத்தின் கோபுரமும், அதன் உச்சியில் நிற்கும் சிலையும், சுவரில் செதுக்கிய விலங்குகளும் புலப்பட்டன. இத்தனை நாளும் அவற்றைச் சரியாகப் பார்த்ததில்லை. பார்க்க நின்றால் பின்வருவோர் மோதுவர்.

கடற்கரைச் சாலையை அடைந்ததும் கூட்டம் விரிந்தது. மரைன் டிரைவ் எனப்படும் அச்சாலை கடலை விலக்கி மீட்ட நிலத்தில் அமைந்தது. கரையோரத்து ஆர்ட் டெகோ மாடிவீடுகள் 2018-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை. சனவரிப் புகைமூட்டத்தில் மலபார் குன்று மங்கலாகத் தெரிந்தது. அங்கேதான் உண்மையில் ஓடத் தொடங்கினோம். அருகில் வந்த குஜராத்தி அன்பரோடு பேசிக்கொண்டே சென்றோம். பேச்சு அறுந்தபோது வேகம் குறைத்தோம். அவர் முன்னே சென்றுவிட்டார். நெஞ்சு படபடத்தது; ஆனால் அஞ்சும்படி இல்லை. வலக்காலின் ஐந்து விரல்களும் காலணிக்குள் ஒவ்வொன்றாகத் தரையை உதைப்பதை உணர்ந்தோம். தந்தையார் நினைவு வந்தது. சிறிது தூரம் எவரோடும் பேசவில்லை.

மராத்தியருக்கு அன்று சங்கராந்தி. சாலையோரத்தில் முதிய அம்மையார் ஒருவர் எவர்சில்வர் தட்டில் எள்ளுருண்டை வைத்துக்கொண்டு, எள்ளும் வெல்லமும் கொள்க, இனிமையே பேசுக என்னும் பொருள்பட மராத்தியில் வாழ்த்தி, ஓடுவோர் கையில் ஒவ்வொன்றாகத் திணித்தார். மறுத்தல் தகாது, உண்ணலும் தகாது. மகளுக்கெனக் காகிதத்தில் மடித்துக்கொண்டோம்.

முடிவெல்லையை மிதித்தபோது நம் கைக்கடிகாரத்தில் ஐம்பத்தெட்டு நிமிடம். அதே காலையில் எத்தியோப்பிய வீரர் ஹெய்லே லெமி முழு மாரத்தானையும் 2 மணி 7 நிமிடம் 32 நொடியில் முடித்தார் என்று மறுநாள் படித்தோம். சாலையெங்கும் எறிந்த குப்பிகளைத் துப்புரவுத் தொழிலாளர் குனிந்து குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தனர். எம்மைவிட அவர்கள் அன்று மிகுதியாக நடந்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை.

மின்வண்டியில் மார்பில் எண் தாங்கி அமர்ந்திருந்த நம்மைச் சிலர் உற்று நோக்கினர். மாதுங்கா நிலைய வாயிலில் கரும்பும் மஞ்சட்கொத்தும் விலை பேசிக்கொண்டிருந்தனர். வீட்டை எட்டியபோது மணி பத்து இருபத்தைந்து. பானையின் கழுத்தில் மஞ்சள் கட்டியாகியிருந்தது. அடுப்பு இன்னும் பற்றவைக்கப்படவில்லை.

“எத்தனையாவதாக வந்தீர்கள் அப்பா?” என்றாள் மகள். அவ்வோட்டத்தில் முதலும் இல்லை, கடைசியும் இல்லை என்றோம். அவளுக்கு அது ஒப்பவில்லை. எள்ளுருண்டை ஒப்பியது.

பால் பொங்கிற்று. அன்னையார் தம் கையாலேயே நம் இலையில் வெண்பொங்கலை வைத்து, ஓரத்தில் ஒரே ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கலும் வைத்தார். இரண்டாம் கரண்டி பானைக்கே திரும்பியது.