25 சென்ட் பெட்டி

டொரொண்டோவில் நான் சனிக்கிழமைதோறும் போகிற கார்டு கடையில், டாய்லெட்டுக்குப் போகும் வழியில் நீளமான அட்டைப்பெட்டிகள் வரிசையாக இருக்கும். எதை எடுத்தாலும் 25 சென்ட். முன்பக்கக் கண்ணாடி அலமாரியில் ஒற்றைக் கார்டு ஐம்பது டாலர், நூறு டாலர் என்று மின்னிக்கொண்டிருக்கும். பின்னால் இருப்பவை யாருக்கும் வேண்டாதவை. மாணவனாக வந்த முதல் குளிர்காலத்தில் எனக்குக் கட்டுப்படியானது அந்தப் பெட்டிதான். மூன்று வருடம் ஆகிவிட்டது, இப்போதும் குந்தி உட்கார்ந்து அதைத்தான் கிளறிக்கொண்டிருக்கிறேன்.

விளையாட்டின் பெயர் மேஜிக்: தி கேதரிங். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்து 1993-ல் வெளிவந்தது. அம்மாவிடம் "கார்டு கேம்" என்று சொன்னபோது, "காசு வெச்சா?" என்றுதான் முதலில் கேட்டார். இல்லை. ஆளுக்கொரு டெக். நிலக் கார்டுகள் மானா என்கிற சக்தியைத் தரும், அதைச் செலவழித்து க்ரீச்சர்களையும் மந்திரங்களையும் இறக்க வேண்டும். எதிராளியின் உயிர்ப் புள்ளிகளைத் தீர்த்தால் வெற்றி. வழக்கமான ஆட்டத்தில் இரண்டு பேர், ஆளுக்கு 20 புள்ளி.

நாங்கள் ஆடுவது கமாண்டர். பெரும்பாலும் நாலு பேர், ஆளுக்கு 40 புள்ளி, 100 கார்டு. அடிப்படை நிலங்களைத் தவிர எந்தக் கார்டும் ஒன்றுக்கு மேல் கூடாது. இது ஆடுகிறவர்களே உருவாக்கி வளர்த்த வடிவம். இதற்கென்று தயார் டெக்குகளைக் கம்பெனி வெளியிடத் தொடங்கியது 2011-ல்தான்.

என் முதல் டெக் சிவப்பு. இரண்டு பேர் ஆட்டத்துக்கு எழுதப்பட்ட கட்டுரைகளைப் படித்துவிட்டு அடுக்கியது. அதில் லைட்னிங் போல்ட் இருந்தது. ஒரே ஒரு மானாவுக்கு மூன்று புள்ளி அடி, 1993-லிருந்து எல்லோரும் கொண்டாடும் கார்டு. 20 புள்ளியில் மூன்று என்றால் 15 சதவீதம். கமாண்டரிலோ எதிரே மூன்று பேர், மொத்தம் 120 புள்ளி. அதே அடி இங்கே இரண்டரை சதவீதம். நான் போல்ட் போட்டபோது என் ரூம்மேட் பாவமாகப் பார்த்து, "அவ்ளோதானா மச்சான்?" என்றான்.

புள்ளிக் கணக்கைவிட எனக்கு உறைக்க நாளானது வேறொன்று. உன் க்ரீச்சரைக் கொல்ல நான் ஒரு கார்டைச் செலவழிக்கிறேன். உனக்கு ஒண்ணு போச்சு, எனக்கும் ஒண்ணு போச்சு. இரண்டு பேர் ஆட்டத்தில் கணக்கு நேராகிவிட்டது. நாலு பேர் மேஜையில் மற்ற இருவரும் சும்மா உட்கார்ந்தே லாபம் பார்க்கிறார்கள். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது இந்த ஆட்டத்துக்கே சொன்ன மாதிரி இருக்கும்.

அதற்குப் பிறகுதான் பெட்டியை வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு கார்டிடமும் மூன்று கேள்வி.

முதல் கேள்வி: ஆள் கூடினால் நீ வளர்வாயா? 2002-ல் ஆன்ஸ்லாட் என்ற செட்டில் சைஃபன் மைண்ட் என்றொரு கறுப்புக் கார்டு வந்தது. மற்ற ஒவ்வொருவரும் கையிலிருந்து ஒரு கார்டைப் போட வேண்டும், அப்படி விழுந்த ஒவ்வொன்றுக்கும் நான் ஒன்று எடுப்பேன். விலை நாலு மானா. எதிரே ஒருவர்தான் என்றால் மந்தமான கார்டு. மூன்று பேர் என்றால் அவர்களுக்கு மூன்று போகும், எனக்கு மூன்று வரும். கார்டில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, நாற்காலிதான் கூடியிருக்கிறது.

இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் ரிஸ்டிக் ஸ்டடி. 2000-ல் ப்ராஃபெசி செட்டில் காமன் ரகமாக, அதாவது எளிதில் கிடைக்கும் ரகமாக அச்சானது. எதிராளி ஒரு மந்திரம் போடும்போது ஒரு மானா கூடுதலாகக் கட்டாவிட்டால் நான் ஒரு கார்டு எடுக்கலாம். ஒருத்தர் என்றால் கட்டிவிட்டுப் போவார். மூன்று பேரும் ஒவ்வொரு தடவையும் கட்டிக்கொண்டே இருக்க முடியுமா? இன்று அது கண்ணாடி அலமாரியில் இருக்கிறது.

இரண்டாவது கேள்வி: நீ யார் கண்ணை உறுத்துவாய்? பெரிய டிராகனை இறக்கினால் மூன்று பேரும் உடனே அதைக் கொல்ல வழி தேடுவார்கள். வால் ஆஃப் ஓமன்ஸை இறக்கினால் ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. இரண்டு மானா. வரும்போதே ஒரு கார்டு எடுத்துக் கொடுக்கும். தாக்காது, ஆனால் நாலு புள்ளி அடி வாங்கித்தான் விழும். அதைக் கொல்ல ஒரு கார்டை யாரும் வீணாக்க மாட்டார்கள். சின்ன க்ரீச்சர்களை வைத்திருப்பவரும் 'இவனை எதுக்கு, பக்கத்துல இருக்கறவனை அடிக்கலாம்' என்று திரும்பிவிடுவார். கண்ணு படாமல் இருப்பதும் ஒரு பலம்தான்.

மூன்றாவது: தோற்றுக்கொண்டிருக்கும்போது கைக்கு வந்தால் ஏதாவது செய்வாயா? ஜெயிக்கும்போது மட்டும் ஜொலிக்கிற கார்டுகள் நிறைய உண்டு.

இதைப் படித்துவிட்டுப் பெட்டி முழுக்கப் புதையல் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலானவை அங்கே இருக்கத் தகுதியானவை. சைஃபன் மைண்டும் எல்லோர் கையும் காலியாக இருந்தால் வெறும் காகிதம்தான்.

இந்த மூன்று கேள்வியால் நான் ஜெயிக்க ஆரம்பித்தேன். கொஞ்சம் தலைக்கனமும் வந்தது. அப்போதுதான் பெட்டியில் சீக்ரெட் ராண்டெவூ கிடைத்தது. 2021-ல் ஸ்ட்ரிக்ஸ்ஹேவன் செட்டில் வந்த வெள்ளைக் கார்டு, மூன்று மானா. நானும் நான் தேர்ந்தெடுக்கும் ஒரு எதிராளியும் ஆளுக்கு மூன்று கார்டு எடுப்போம். இரண்டு பேர் ஆட்டத்தில் இது பைத்தியக்காரத்தனம்: மானாவும் என்னுடையது, கார்டும் என்னுடையது, லாபத்தில் பாதி எதிரிக்கு. நாலு பேர் மேஜையில் நாங்கள் இருவரும் மற்ற இருவரை முந்துகிறோம். கூட்டாளி ஒருவரும் கிடைக்கிறார்.

அந்தச் சனிக்கிழமை என் ரூம்மேட்டின் படை பெருத்துவிட்டது. அவனுடைய அடுத்த முறை வந்தால் எல்லோரும் காலி. எனக்கு அடுத்து ஆட வேண்டியவர் பஸ் ஓட்டுகிற ஒரு பெண்மணி, ஐம்பதைத் தாண்டியவர், ஷிஃப்ட் முடித்து யூனிஃபார்மோடு வருவார். அன்று அவருக்கு நிலமே சரியாக வரவில்லை, பிறகு கையும் காலி. அரைமணி நேரமாகத் தன் முறை வந்தால் ஒரு கார்டு எடுப்பதும், உதட்டைப் பிதுக்கி "பாஸ்" என்பதும்தான். நாலாவது ஆள் கை நிறையக் கார்டு வைத்திருந்தான். நான் ராண்டெவூவைப் போட்டு அவரைக் காட்டினேன்.

மூன்று கார்டு எடுத்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் முறையில் மேஜையிலிருந்த எல்லா க்ரீச்சரையும் அழிக்கும் மந்திரத்தைப் போட்டார். ரூம்மேட்டின் படை போனது, என் பாவப்பட்ட சுவரும் போனது. ஒரு மணி நேரம் கழித்து அவரே ஜெயித்தார்.

கார்டுகளை அடுக்கும்போது கேட்டார்: "எனக்கு ஏன் கொடுத்தே?"

"உங்களுக்குத்தான் தேவை இருந்தது."

அவர் சிரித்தார். "இல்லப்பா. என்னாலே உனக்கு ஆபத்து வராதுன்னு நினைச்சே. அதான் கொடுத்தே."

என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அது துல்லியமாக என் கணக்கு. அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்த ஒருவரை நான் பரிதாபத்தோடு பார்க்கவில்லை, மலிவாகப் பார்த்திருந்தேன். யாரும் மதிக்காத கார்டுகளைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரன் என்று பீற்றிக்கொண்டிருந்தவன், எதிரே இருந்த ஆளைக் கண்ணாடி அலமாரிக் கண்ணால்தான் எடைபோட்டிருந்தேன்.

வீட்டுக்கு நடக்கும்போது ரூம்மேட் கேட்டான், "அந்தக் கார்டைத் தூக்கிடுவியா? தோக்க வெச்சிருச்சே." யோசித்தேன். அது இல்லாவிட்டாலும் தோற்றிருப்பேன், அதுவும் ஒரு மணி நேரம் முன்னாலேயே. அவர் அந்த மாலை முழுக்க 'பாஸ்' சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்திருப்பார்.

இப்போது பெட்டி முன்னால் உட்காரும்போது நாலாவதாக ஒரு கேள்வியும் கேட்கிறேன்: சும்மா உட்கார்ந்திருக்கிறவருக்கு நீ ஏதாவது வேலை கொடுப்பாயா? இதனால் ஜெயிப்பது குறைந்திருக்கிறது. ஆனால் நாலு பேரும் அடுத்த வாரமும் வருகிறார்கள். மேஜையே கலைந்துபோனால் மற்ற மூன்று கேள்விகளுக்கும் அர்த்தமில்லை.

ராண்டெவூ இன்னும் டெக்கில்தான் இருக்கிறது. போன வாரம் அவரிடமே மறுபடி காட்டினேன், இந்தத் தடவை அவர் கை நிறையக் கார்டு இருக்கும்போது. ஒரு நொடி என் முகத்தைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார். அதே முறையில் என்னைத்தான் முதலில் அடித்தார்.