ஏழு நிமிடத் தாமதம்



சென்ற ஞாயிறு ஆராதனைக்குப் புறப்படுகையில், ஒன்றரை வயதுப் பேரனை என் துணைவியார் முன்னிருக்கையில் மடியில் அமர்த்திக்கொண்டார். வழக்கம்போல் ஜெபித்துவிட்டுச் சாவியில் கைவைத்தேன். "பொறுங்கள் அப்பா" என்றாள் மகள். அவள் பின்னிருக்கையில் குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கையைப் பொருத்திக்கொண்டிருந்தாள்.

ஜெபித்தாயிற்றே, பத்து நிமிடப் பயணந்தானே என்று என் மனம் சுளித்தது உண்மை. மோதலின் வேகத்தில் குழந்தையின் பாரம் பன்மடங்காகும், எந்தக் கரமும் அதைத் தாங்காது, விரியும் ஏர்பேக் முதலில் தாக்குவது மடியிலுள்ள பிள்ளையையே என்று அவள் பொறுமையாக விளக்கினாள். தோள்வாரை விரலால் கிள்ளிப் பார்த்து, மடிப்பு அகப்படாதவரை இறுக்கினாள். பேரன் வீறிட்டான், பாட்டிக்கும் கண் கலங்கியது. (14 வயதுக்குட்பட்டோரை இப்படிப் பாதுகாப்பின்றி ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம். நான் அறிந்திருக்கவில்லை.)

வண்டியைப் பின்னோக்கி எடுக்குமுன் ஒருமுறை சுற்றி வரும்படியும் சொன்னாள். முகம் சுருங்க இறங்கினேன். பின்சக்கரத்தருகே அண்டை வீட்டுச் சிறுமி குந்தியிருந்து, உருண்டுபோன பந்தைத் துழாவிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் அவள் தெரியவேயில்லை.

அவளைக் கைபிடித்து வீட்டில் விட்டுவந்து, மறுபடியும் ஜெபித்தேன். குரல் எழவில்லை. அன்று ஆராதனை ஏழு நிமிடம் பிந்தித் தொடங்கியதன் காரணம் இதுவே.