கண்ணாடிக் கதவும் தவக்குலும்



அமெரிக்காவின் புளோரிடாக் கடற்கரையில் என் மகளின் இல்லத்தில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். கடலை நோக்கிய சுவர் முழுவதும் நகரும் கண்ணாடிக் கதவுதான். புயல் வீசும் நாட்டில் கண்ணாடிச் சுவரா எனத் திகைத்தேன்.

1992 ஆகஸ்ட் 24 அன்று அங்கே வீசிய ஆண்ட்ரூ சூறாவளி பல்லாயிரம் வீடுகளை அழித்தது. சன்னலோ கதவோ உடைந்த வீடுகளில் காற்று உட்புகுந்து கூரையை மேல்நோக்கி உந்தியது. எனவே 1994இல் மயாமிப் பகுதியில் கடுமையான விதிகள் வந்தன. சுமார் 4 கிலோ மரச்சட்டத்தை மணிக்கு 55 கி.மீ. வேகத்தில் எறிந்து சோதிக்கின்றனர். இரு கண்ணாடிகளுக்கு இடையிலுள்ள படலம், விரிசல் விழுந்தாலும் சிதறவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

ஆயினும் கண்ணாடி மட்டும் காப்பதில்லை. உப்புக்காற்றில் உருளைகள் துருப்பிடிக்கும். தடத்தில் மணல் சேரும். கதவு சரிந்து தாழ் பொருந்தாது. நீர் வடியும் துளைகள் அடைபட்டால் மழைநீர் உள்ளே வரும். புயல் பருவம் தொடங்கும் ஜூனுக்கு முன்பே இவற்றைச் செப்பனிட வேண்டும். கண்ணாடியில் நாடா ஒட்டுவது பயனற்றது. காற்றழுத்தம் சமமாகட்டும் எனச் சன்னலைத் திறந்துவைப்பதோ ஆபத்தானது.

துருவேறிய தாழை அப்படியே விட்டுவிட்டு, விதித்தது நடக்கும் என்றிருப்பது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே பொறுப்பை இறைவனிடம் ஒப்படைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை அறிவீர்கள். வீடும், அதில் உறங்கும் பிள்ளைகளும் நம்மிடமுள்ள அமானிதம். முதலில் தாழைச் சரிசெய்யுங்கள். பிறகு துஆவுக்குக் கையேந்துங்கள். அல்லாஹ் நம் இல்லங்களைக் காப்பானாக! ஆமீன்.