கண்டிச் சீமைக்கு ஒரு சிக்கனப் பயணம்



பாடசாலை விடுமுறை விட்டதும் பிள்ளைகள் கேட்கும் முதற் கேள்வி "எங்கே போகிறோம்?" என்பதுதான். வாப்பாமார் பணப்பையைத் தடவிப் பார்ப்பார்கள். உம்மாமார் ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போய்விடுவார்கள். கனடாவிலிருக்கும் உறவினர் அனுப்பிய நயாகரா நீர்வீழ்ச்சிப் படத்தைக் கைத்தொலைபேசியில் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு பல வீடுகளில் விடுமுறை முடிந்து விடுகிறது.

அல்லாஹ்வின் படைப்பைப் பார்க்க ஏழு கடல் தாண்ட வேண்டியதில்லை. நமது நாட்டின் நடுவிலேயே கண்டி இருக்கிறது. கிழக்குக் கரையிலிருந்து அரை நாள் பஸ் பயணம். கடந்த வருடம் உம்மா, மனைவி, மூன்று பிள்ளைகளுடன் மூன்று நாட்கள் அங்கு சென்று வந்தேன். அதைக் கொண்டே இதனை எழுதுகிறேன்.

உம்மாவுக்கு எழுபத்தொரு வயது. அவர் கண்டிக்குப் புதியவரல்லர். மூன்று முறை போயிருக்கிறார். மூன்று முறையும் வாப்பாவின் நோய்க்காக ஆஸ்பத்திரிக்குத்தான் போனார். நமது பெண்கள் பலர் நகரங்களை அறிந்திருப்பது இப்படித்தான். கொழும்பு என்றால் ஆஸ்பத்திரி, கண்டி என்றால் ஆஸ்பத்திரி. நோயில்லாத ஒரு நாளில் ஓர் ஊரைப் பார்க்கும் பாக்கியம் அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

பெண்களைப் பயணம் அழைத்துச் செல்வது வீண் செலவு என்று எண்ணும் ஆண்களுக்கு ஒன்று சொல்வேன். நபி (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும் போது தம் மனைவியருள் யாரை உடன் அழைத்துச் செல்வது என்று சீட்டுக் குலுக்கிப் பார்ப்பார்கள். ஒரு பயணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயமும் ஓடியிருக்கிறார்கள். பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்று திருக்குர்ஆன் பல இடங்களில் ஏவுகிறது. அந்த ஏவல் ஆண்களுக்கு மட்டும் உரியதல்ல.

பணத்துக்கு என்ன வழி?

முதல் நிபந்தனை, கடன் வாங்கக் கூடாது. மூன்று நாள் மகிழ்ச்சிக்காக மூன்று மாதம் கடன்காரனுக்கு அஞ்சி வாழ்வது உல்லாசமல்ல. என் மனைவி ஒரு பால்மா டின்னில் துளையிட்டு, சந்தைக்குப் போய் வரும் மிச்சச் சில்லறையைப் போட்டு வந்தார். பெருநாளுக்குப் பிள்ளைகளுக்குக் கிடைத்த காசில் ஒரு பங்கும் அதில் சேர்ந்தது. ஒரு வருடத்தில் பஸ் கட்டணமும் நுழைவுச் சீட்டும் அதிலிருந்தே தேறின.

இரண்டாவது, காலம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் எசல பெரஹரா நடக்கும் நாட்களில் கண்டியில் அறை வாடகை ஏறி விடும், நிற்கவும் இடமிராது. சிக்கனமாகப் போக விரும்புவோர் அந்த நாட்களைத் தவிர்க்க வேண்டும்.

மூன்றாவது, தங்குமிடம். அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டை, கம்பளை என்று கண்டியைச் சுற்றி நமது மக்கள் நிறைந்து வாழ்கிறார்கள். விசாரித்தால் யாரேனும் ஓர் உறவு அகப்படும். போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். கரையூர்க் கருவாடும் தயிர்ச் சட்டியும் மலைநாட்டில் பெரிய அன்பளிப்பு. நாங்கள் என்னோடு அறபுக் கல்லூரியில் ஓதிய ஒருவரின் வீட்டில் தங்கினோம்.

நான்காவது, சாப்பாடு. முதல் நாளைக்கு வீட்டிலிருந்தே சோற்றுப் பார்சல் கட்டிக் கொள்ளுங்கள். ஆறு பேர் ஒரு வேளை கடையில் உண்ணும் பணத்தில் மறுநாள் முழுவதும் ஊர் சுற்றலாம்.

மலையேறும் பாதை

சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். அம்பாறையைத் தாண்டி மஹியங்கனை வழியாகப் பாதை செல்கிறது. மஹியங்கனைப் பக்கத்தில் பங்கரகம்மன என்றோர் ஊர் உண்டு. அங்கு வழங்கும் ஒரு கர்ண பரம்பரைக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். போர்த்துக்கேயரிடமிருந்து தப்பி ஓடிய கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் ஒரு மரப் பொந்தில் ஒளிந்தானாம். அதைக் கண்ட முஸ்லிம் பெண்ணொருத்தி, துரத்தி வந்தோர் எவ்வளவு கேட்டும் காட்டிக் கொடுக்கவில்லை. அவர்கள் அவளை வெட்டிக் கொன்றார்கள். வெளியே வந்த மன்னன், இவள் என் இரத்தம் என்னும் பொருளில் "மா லே" என்று அழுதானாம்.

இது செவிவழிக் கதை. ஆனால் அவன் தந்தை செனரத் மன்னன் செய்த உதவி வரலாற்று நூல்களில் உள்ளது. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய போது, செனரத் அவர்களுக்குப் புகலிடம் தந்து, சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். கிழக்கில் இன்று வாழும் நம்மில் பலரது மூதாதையர் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கலாம். கண்டிக்குப் போவது, ஒரு வகையில், நன்றி சொல்லப் போவதாகும்.

அப்பால் "பதினெட்டு வளைவு" என்று பேர்பெற்ற மலைப்பாதை. கொண்டை ஊசி போல் வளைந்து வளைந்து ஏறும் பாதையில் உம்மாவுக்குத் தலை சுற்றி வாந்தி வந்து விட்டது. மனைவி பையைத் தேடிக் கொண்டிருக்க, அடுத்த ஆசனத்திலிருந்த வயதான சிங்களப் பெண் ஒருவர் தன் பையிலிருந்த எலுமிச்சம் பழத்தைக் கீறி உம்மாவின் மூக்கில் பிடித்தார். தன் ஜன்னலோர இடத்தையும் விட்டுக் கொடுத்தார். உம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. தெல்தெனிய வரை இருவரும் கையைப் பிடித்துக் கொண்டே வந்தார்கள்.

தெல்தெனிய, திகன என்ற பெயர்களைக் கேட்டதும் உங்கள் மனம் பதறும். எங்கள் வீட்டிலும் பதறியது. 2018 மார்ச்சில், வீதித் தகராறொன்றில் தாக்கப்பட்ட சிங்களச் சாரதி ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து, இப்பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன. நாடெங்கும் அவசரகாலச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அதன் பின் எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் அந்தப் பாதையால் போகவே அஞ்சினார்கள். இந்தப் பயணம் இத்தனை வருடம் தள்ளிப் போனதற்கும் அதுவே காரணம். பஸ் திகனையைக் கடந்த போது உம்மா "இதுவா மகன் அந்த இடம்?" என்று மெல்லக் கேட்டார். "ஓம் உம்மா" என்றேன். வெளியே கடைகள் திறந்திருந்தன. மக்கள் மரக்கறி வாங்கிக் கொண்டிருந்தார்கள். நடந்ததை மறக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் எரித்த கைகளை மட்டும் நினைவில் வைத்து, எலுமிச்சம் பழம் நீட்டிய கையை மறந்தால் அது நீதியாகாது.

வழியில் விக்டோரியா நீர்த்தேக்கம் தெரியும். 1985இல் திறக்கப்பட்ட இந்த அணைக்காகப் பழைய தெல்தெனிய நகரமே நீரில் மூழ்கியது.

கொழும்பிலிருந்து வருவோருக்கு ரயில் மலிவானது. 1867 முதல் கண்டிக்கு ஓடும் பாதை அது. ரம்புக்கனைக்குப் பின் மலையேறும் காட்சியைக் காணக் கண் கோடி வேண்டும். மண்சரிவால் பாதை மூடப்படுவதுண்டு. எனவே புறப்படுமுன் நிலையத்தில் விசாரித்துக் கொள்ளுங்கள்.

குளமும் கோட்டையும்

கண்டி சுமார் 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற ஊர். 1815இல் ஆங்கிலேயர் கையில் விழும் வரை சிங்கள இராச்சியத்தின் கடைசித் தலைநகரம். 1988இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமை நகராக அறிவித்தது. நடுவிலுள்ள குளத்தைக் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் அமைத்தான். அவனை ஆங்கிலேயர் வேலூருக்கு நாடு கடத்தினர். 1832இல் அங்கேயே இறந்தான்.

குளத்தருகே பௌத்தர்கள் புனிதமாகப் போற்றும் தலதா மாளிகை இருக்கிறது. வெளியிலிருந்தே அதன் கட்டட அழகைக் காணலாம். பிறர் வணங்குவதை ஏசக் கூடாது என்பது குர்ஆன் நமக்குக் கற்றுத் தந்த ஒழுக்கம். பிள்ளைகளுக்கு அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

குளத்தைச் சுற்றி நடக்கக் கட்டணமில்லை. அஸருக்குப் பின் வெயில் தணிந்ததும் நடந்தோம். சற்றுத் தூரம் சென்று வாங்கில் அமர்ந்த உம்மா, தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்: "இவ்வளவு கிட்டவா மகன் இருந்திச்சு? அந்த நாளையில ஆஸ்பத்திரி வாசலால அப்படியே திரும்பிப் போனேனே. வாப்பாவும் காணல்ல."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த மூன்று முறையும் கூட்டி வந்தவன் நான்தான்.

பேராதனைப் பூங்கா

இரண்டாம் நாளைப் பேராதனைக்கு ஒதுக்குங்கள். கண்டியிலிருந்து பஸ்ஸில் சிறிது நேரம்தான். 147 ஏக்கர் பரப்பு. மகாவலி கங்கை மூன்று புறமும் அணைத்து ஓடுகிறது. 1821இல் தாவரவியல் பூங்காவாக அமைந்தது. இலங்கையருக்கு நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவரை விட மிகக் குறைவு. அடையாள அட்டையை எடுத்துச் செல்லுங்கள். காலையில் நுழைந்தால் மாலை வரை இருக்கலாம்.

உலகிலேயே பெரிய விதையைத் தரும் இரட்டைத் தென்னையை இங்கு காணலாம். அதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஒவ்வொன்றையும் ஜோடியாகப் படைத்த இறைவனின் அத்தாட்சியைப் பிள்ளைகளுக்குப் புத்தகமின்றிப் பாடம் நடத்தலாம். பர்மாவிலிருந்து வந்த இராட்சத மூங்கில், மழைக்காலத்தில் ஒரே நாளில் ஓரடி வரை வளரக் கூடியது. மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் தலைகீழாகத் தொங்குகின்றன. என் கடைசி மகள் எண்ணத் தொடங்கிப் பாதியில் கைவிட்டாள்!

எதிரே பேராதனைப் பல்கலைக்கழகம். பள்ளிவாசல், கோவில், விகாரை, தேவாலயம் நான்கும் ஒரே வளாகத்தில் உள்ளன. க.பொ.த. எழுதும் பெண் பிள்ளைகள் இருந்தால் அந்த வீதியில் ஒரு தடவை நடத்திக் காட்டுங்கள். நூறு புத்திமதியை விட அது மேல்.

அறபு தேசத்தின் நினைவுகள்

மூன்றாம் நாள் நமது வரலாற்றைத் தேடுங்கள். எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற ஒறாபி பாஷாவும் அவரது தோழர்களும் 1883இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார்கள். ஒறாபி பாஷா பின்னர் கண்டிக்கு வந்து, 1901இல் தாயகம் திரும்பும் வரை இங்கு வாழ்ந்தார். ஹலோலுவ வீதியில் அவர் வாழ்ந்த வீடு நினைவில்லமாக்கப்பட்டுள்ளது. திறந்திருக்கும் நேரத்தை முதலில் கேட்டறியுங்கள். அவருடன் வந்தவர்களில் ஒருவர் நவீன அறபுக் கவிதையின் முன்னோடியான மஹ்மூத் ஸாமீ அல்-பாரூதி. "சரந்தீப்" வாழ்வைப் பற்றி அவர் பாடிய கவிதைகளை அறபுக் கல்லூரிகளில் ஓதியோர் அறிவர். எகிப்தில் தன் மனைவி இறந்த செய்தி கேட்டு அவர் பாடிய இரங்கற்பா புகழ் பெற்றது. மனைவியின் ஜனாஸாவுக்கும் போக முடியாத கணவனின் அழுகை அது.

இக்கண்டி மண்ணில் 1838இல் பிறந்தவரே அறிஞர் சித்திலெப்பை. "முஸ்லிம் நேசன்" பத்திரிகையை 1882இல் தொடங்கினார். 1885இல் "அசன்பேயுடைய சரித்திரம்" எழுதினார். பெண் பிள்ளைகள் படிக்கக் கூடாது என்றிருந்த காலத்தில் கண்டியில் முஸ்லிம் பெண்களுக்குப் பாடசாலை அமைத்தவரும் அவரே. இன்று இந்த மாத இதழை நீங்கள் வாசிப்பதில் அந்தப் பெரியாரின் பங்கும் உண்டு. அவருக்காக ஒரு பாத்திஹா ஓதுங்கள்.

திரும்பும் வழியில் மிளகு, கராம்பு, சாதிக்காய் சிறிதளவு வாங்கினோம். எங்கள் நினைவுப் பொருள் அவ்வளவுதான்.

சில குறிப்புகள்

தொழுகையை விட வேண்டாம். இது கஸ்ரு செய்யும் தூரம். மூன்று நாள் பயணத்தில் லுஹர், அஸர், இஷாவைச் சுருக்கியும், லுஹருடன் அஸரையும், மஃரிபுடன் இஷாவையும் சேர்த்தும் தொழலாம். சுபஹும் மஃரிபும் சுருங்கா. பெண்கள் தொழ வசதியுள்ள பள்ளிவாசல் எது என்று தங்கும் வீட்டாரிடம் முன்பே கேட்டு வையுங்கள். முஸல்லா ஒன்றும் ஒரு போத்தல் தண்ணீரும் பையில் இருக்கட்டும். மாலையில் குளிரும், முதியோருக்குக் கம்பளிச் சட்டை தேவை. தலைச் சுற்றல் உள்ளோர் எலுமிச்சம் பழத்தை மறக்க வேண்டாம்.

ஊர் திரும்பிய பின் உம்மா அண்டை வீட்டாரிடமெல்லாம் குளத்தைப் பற்றியே பேசினார். பால்மா டின் மீண்டும் அடுப்படி அலுமாரியில் ஏறிவிட்டது. இம்முறை முதற் காசு போட்டவர் உம்மா.

சகோதரிகளே! உங்கள் உம்மாவிடம், மாமியிடம் இன்றே கேளுங்கள்: "நீங்கள் பார்க்க ஆசைப்பட்டும் பார்க்காத இடம் எது?" பதில் பெரும்பாலும் தூரத்து இடமாக இராது. அவர்களின் கால்களில் நடக்கும் பலம் இருக்கும் போதே அழைத்துச் செல்லுங்கள். அல்லாஹ் நம் பயணங்களை இலேசாக்கி, நம் பெற்றோரை மகிழ்விக்கும் பாக்கியத்தைத் தருவானாக! ஆமீன்.