நீள போல்ட் வேண்டாம்

போன சனிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் கராஜில் ஒரு கத்து கத்திவிட்டேன். பாவம், மனிதர் அரண்டுபோனார். மிச்சிகனில் இத்தனை வருஷமாக நான் சத்தம் போட்டு அவர் கேட்டதே இல்லை.

விஷயம் இதுதான். பழைய பிக்கப் டிரக் ஒன்றுக்கு வேறு இன்ஜின் மாற்றிக்கொண்டிருக்கிறார். கியர் பெட்டியைத் தூக்கிக் கொடுக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார். எனக்கு வேலை மென்பொருளில். கையில் கிரீஸ் படாமல் பல காலம். ஆசையாகப் போனேன். பெட்டி முக்கால்வாசி உள்ளே போய் நின்றுவிட்டது. இன்ஜினுக்கும் அதற்கும் நடுவே விரல் நுனி நுழையும் இடைவெளி. அவர் ஒரு டப்பாவைத் துழாவி, "நீளமா நாலு போல்ட் இருக்கு, போட்டு இழுத்துடலாம்" என்றார். அப்போதுதான் கத்தினேன்.

ஏன் என்று சொல்ல சூளூர்பேட்டைக்குப் போக வேண்டும்.

எங்கள் ஊர் அன்று நெல்லூர் மாவட்டம், 2022 முதல் திருப்பதி மாவட்டம். தெலுங்கில் திட்டி தமிழில் சமாதானம் பேசும் ஊர். அப்பா ஒரு பெட்ரோல் அம்பாசிடரை வாடகைக்கு ஓட்டினார். ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்களைப் பழவேற்காடு ஏரி நடுவே போகும் சாலையில் ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கொண்டுபோய் விடுவதுதான் முக்கியமான சவாரி. பெட்ரோல் செலவு கட்டுப்படியாகவில்லை. அம்மாவின் வளையலை அடகு வைத்து, சென்னை புதுப்பேட்டையில் ஒரு பழைய அம்பாசிடர் டீசல் இன்ஜின் வாங்கினார். 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினும் டீசலும் ஒரே பி.எம்.சி. குடும்பம், அதனால் நம் கியர் பெட்டியே போதும் என்றார்கள்.

1999 மே மாதம். எனக்குப் பொறியியல் கல்லூரி விடுமுறை. 26-ஆம் தேதி பி.எஸ்.எல்.வி.-சி2 கிளம்புவதாக இருந்தது. ஓஷன்சாட்டோடு ஒரு கொரிய செயற்கைக்கோளும் ஒரு ஜெர்மன் செயற்கைக்கோளும். நம் ராக்கெட்டில் வெளிநாட்டு செயற்கைக்கோள்கள் போவது அதுதான் முதல் தடவை. ஊருக்குள் ஒரே கூட்டம் வரும், அதற்குள் வண்டி தயாராகிவிட்டால் ஒரு மாச வட்டியைக் கட்டிவிடலாம் என்பது அப்பாவின் கணக்கு.

நெடுஞ்சாலை ஓரத்து ஷெட்டில் வேலை நடந்தது. மேஸ்திரி கிளட்ச் சாமான் வாங்க நாயுடுப்பேட்டை போயிருந்தார். நானும் ஷெட் பையனும் கியர் பெட்டியை ஏற்றினோம். ஆறேழு மில்லிமீட்டர் இடைவெளியில் நின்றுவிட்டது. பையன், "அண்ணே, மேஸ்திரி வரட்டும்" என்றான். நான் மூன்றாம் வருஷ மெக்கானிக்கல் இல்லையா! "போல்ட்டைப் போட்டு டைட் பண்ணுடா, வந்துடும்" என்றேன்.

வந்தது. இடைவெளி மூடியது. பெருமையாக முன்பக்க புல்லியில் ஸ்பானர் போட்டுச் சுற்றினால் இன்ஜின் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் முடுக்கினால் சரியாகிவிடும் என்று முடுக்கினேன். 'டக்' என்று ஒரு சத்தம். பெல் ஹவுசிங்கின் காது ஒன்று விரிந்திருந்தது.

மேஸ்திரி வந்து பார்த்தார். ஒன்றும் திட்டவில்லை. "தொந்தர வத்து, பாபு" என்றார். அவசரம் வேண்டாம் என்று அர்த்தம். பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு செய்து காட்டினார். கல்லூரியில் யாரும் எனக்கு அப்படிச் சொல்லித்தரவில்லை.

போல்ட்டையெல்லாம் தளர்த்தினார். பெட்டி தானாகப் பின்னால் வந்தது. சுற்றிலும் இடைவெளி சமமா என்று பார்த்தார். ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தால் ஏதோ நடுவில் மாட்டியிருக்கிறது, அல்லது டவல் பின் உட்காரவில்லை. சமமாக இருந்தால் பெட்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு எதிலோ முட்டுகிறது. எங்களுடையது சமம். அடுத்து கிளட்ச் முழுவதையும் கழற்றிவிட்டு வெறும் பெட்டியை மட்டும் ஏற்றினார். அப்போதும் அதே இடைவெளி. ஆக, கிளட்ச் தட்டின் பல்லில் குற்றமில்லை. பக்கத்து ஓட்டலில் கொஞ்சம் பூரி மாவு வாங்கிவரச் சொல்லி, தண்டின் மூக்கில் உருட்டி ஒட்டி, ஏற்றி இறக்கினார். மாவு சப்பையாகியிருந்தது.

கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ஒரு குழி இருக்கும். அதில் ஒரு பித்தளை புஷ். தண்டின் மூக்கு அதில்தான் உட்காரும். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுக்கு இரண்டு புஷ். யாரோ பழையதை எடுக்கச் சோம்பல்பட்டு அதன் மேலேயே புதியதை அடித்திருக்கிறார்கள். மேஸ்திரி குழிக்குள் கிரீஸை அடைத்து, துளைக்குச் சரியாகப் பொருந்தும் கம்பியை வைத்துச் சுத்தியால் தட்டினார். போக வழியில்லாத கிரீஸ் பின்பக்கம் சேர்ந்து இரண்டு புஷ்ஷையும் வெளியே தள்ளியது. புது புஷ் ஒன்றைப் போட்டு ஏற்றினால், பெட்டி கையாலேயே 'சளக்' என்று போய் ஒட்டிக்கொண்டது.

நான் போல்ட்டால் இழுத்தபோது அந்தத் தண்டு கிராங்கையே முன்னால் தள்ளி த்ரஸ்ட் வாஷரில் நெரித்திருக்கிறது. அதனால்தான் இன்ஜின் சுற்றவில்லை. பெட்டியைக் கையால் தள்ளி உட்கார வைக்க வேண்டும்; போல்ட் உட்கார்ந்ததைப் பிடித்துக்கொள்ள மட்டும்தான் என்றார் மேஸ்திரி.

விரிந்த காதுக்கு வெல்டிங் வைக்கச் சென்னைக்குத்தான் போக வேண்டியிருந்தது. ராக்கெட் கிளம்பிய அன்று எங்கள் கார் கியர் பெட்டி இல்லாமல் ஷெட்டில் நின்றது. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் தெருவே மொட்டை மாடியில் நின்று ஆகாயத்தைப் பார்த்துக் கைதட்டியது. அப்பா மட்டும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனை வாடகைக் கார் போவுது பாத்தியா" என்றார்.

மேஸ்திரி அப்பாவிடம், "பழைய கேஸ்டிங், முன்னாடியே விரிசல் இருந்திருக்கு" என்று சொல்லி வெல்டிங் கூலியில் பாதியைத் தானே ஏற்றுக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கல்லூரி முடிந்தது, வேலை, விசா, விமானம். 2011-இல் அப்பா போய்விட்டார். அந்த ஷெட் இருந்த இடத்தில் இன்று வேறு ஏதோ கடை.

இங்கே கராஜில் டார்ச் அடித்துப் பார்த்தோம். மேலே ஒட்டியிருந்தது, கீழே மட்டும் திறந்திருந்தது. கீழ்ப்பக்கம் இன்ஜினிலும் ஒரு டவல், பெட்டியிலும் ஒரு டவல். இரண்டும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நின்றன. ஒன்றைப் பிடுங்கினோம். 'சளக்'.

அவர், "இதெல்லாம் எங்கே கத்துக்கிட்டே?" என்றார். எங்கள் ஊரில் ஒருவர் சொல்லித்தந்தார் என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய மீதியை இங்கே எழுதி வைக்கிறேன்.

காதை உடைத்தது நான்தான் அப்பா.