லேமினேஷன் போட்ட மூன்று சான்றிதழ்கள்

சுங்குவார்சத்திரம் கூட்டுரோட்டிலிருந்து வாலாஜாபாத் சாலையில் திரும்பினால் ஒரு ஜெராக்ஸ் கடை. 2025 மே மாதம் அங்கே உட்கார்ந்துதான் என் மகளின் பொறியியல் கலந்தாய்வு விண்ணப்பத்தைப் போட்டோம். மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாக வாங்கி ஸ்கேன் செய்த அந்தப் பெண், கடைசியாக நான் நீட்டிய மூன்றையும் புரட்டிப் பார்த்தாள்.

"இது என்னாண்ணா? ஸ்போர்ட்ஸ் கோட்டாவா?"

"இல்லம்மா. ஆர்ட்டிஃபிஷியல் இன்டலிஜென்ஸ். ஆன்லைன்ல படிச்சது."

"அதுக்குக் கட்டம் இல்லண்ணா."

திருப்பிக் கொடுத்துவிட்டாள். லேமினேஷன் போட்டிருந்ததால் மடித்துப் பைக்குள் வைக்கக்கூட முடியவில்லை. என் மகள் சுவரில் இருந்த கட்டணப் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்க்காமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ. ஒரகடம் பக்கம் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். வருஷா வருஷம் பி.இ. முடித்த டிரெய்னிகள் வருவார்கள். எந்த போல்ட்டுக்கு எவ்வளவு டார்க் என்பதிலிருந்து எல்லாம் நான்தான் சொல்லிக்கொடுப்பேன். இரண்டு வருஷத்தில் அவர்கள் எனக்கு மேலே போய்விடுவார்கள், நான் 'சார்' போடுவேன். இதில் அவர்கள் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் ராத்திரி கம்பெனி பஸ்ஸில் வரும்போது அந்த 'சார்' தொண்டையிலேயே நிற்கும். பின்னால் நான் செய்ததற்கெல்லாம் மூலம் அதுதான் என்று இப்போது தெரிகிறது.

2023 ஜூன். மகள் அப்போதுதான் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்திருந்தாள். கழுத்தில் டையும் கையில் டேப்லெட்டுமாக இரண்டு பையன்கள் வீட்டுக்கு வந்தார்கள். "இனிமே காலேஜ்ல வெறும் மார்க்க மட்டும் பாக்க மாட்டாங்க சார், ப்ரொஃபைல் பாப்பாங்க" என்றார்கள். அட்வான்ஸ்டு கோர்ஸ், 64,000 ரூபாய், 24 மாத இ.எம்.ஐ. நான் கேட்டது ஒரே கேள்வி: "சர்டிஃபிகேட் குடுப்பீங்களா?" "மூணு குடுப்போம் சார்." கையெழுத்துப் போட்டேன். கம்பெனியில் ஒரு டிரில் பிட் வாங்குவதென்றால்கூட எந்த மெஷினுக்கு என்று நாலு முறை கேட்கிறவன் நான்.

அந்தப் பையன்கள் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அது வேறு ஊருக்கான உண்மை. அமெரிக்காவில் காலேஜ் போர்டு நடத்தும் ஏ.பி. தேர்வுகளைப் பள்ளியில் இருக்கும்போதே எழுதுகிறார்கள். அங்கே பல கல்லூரிகளில் விண்ணப்பத்தை ஆள் உட்கார்ந்து படிக்கிறார். பிள்ளை எவ்வளவு கடினமான பாடங்களை எடுத்திருக்கிறது என்றும் பார்க்கிறார். நம் ஊர்க் கலந்தாய்வில் அப்படிப் படிக்க ஆளே இல்லை. நுழைவுத் தேர்வை நீக்கிய 2006ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு எல்லாமே +2 மார்க்கை வைத்துப் போடும் கூட்டல் கணக்கு. கணிதம் 100க்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி, மொத்தம் 200. இயற்பியலில் ஒரு மார்க் போனால் கட்ஆஃபில் அரை மார்க் குறையும். கணிதத்தில் போனால் முழுசாகப் போகும்.

போனது கணிதத்தில்தான். வாரத்தில் நாலு நாள், ராத்திரி ஏழிலிருந்து ஒன்பது வரை ஆன்லைன் வகுப்பு. மூன்று முறை மென்டர் மாறினார். நான் பி ஷிஃப்ட் போகும் வாரங்களில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. பார்க்கிற வாரங்களில், பிள்ளை லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பதே எனக்குப் பெருமையாக இருந்தது. +2 அரையாண்டுக்கு முன்னால் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ப்பா, இன்டக்ரேஷன் சரியா புரியல. மேக்ஸ் டியூஷன் போகட்டுமா?"

"இ.எம்.ஐ. வேற போவுதும்மா. ரெண்டும் முடியாது. கோர்ஸ முடிச்சிரு மொதல்ல."

டியூஷனுக்கு மாதம் 800 ரூபாய். இதை என் மனைவியிடம்கூட நான் இதுவரை சொல்லவில்லை. பத்தாவதில் கணிதத்தில் 96 வாங்கியவள், +2வில் 74.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எட்டாவது வரை அவள் அரசுப் பள்ளி. 2021 ஜூனில் ஒன்பதாம் வகுப்புக்கு இங்கிலீஷ் மீடியம் வேண்டும் என்று தனியார் பள்ளிக்கு மாற்றினேன். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத இடம் என்ற சட்டம் அதே ஆண்டு ஆகஸ்டில் வந்தது. அதில் சேர்ந்தால் கட்டணத்தையும் அரசே ஏற்கும். அதற்காக என்னைத் திட்டிக்கொள்வதில்லை; ஜூனில் யாருக்குத் தெரியும்? டியூஷன் விஷயம் அப்படியில்லை.

சரி, கம்ப்யூட்டர்தான் கற்றுக்கொடுக்க வேண்டுமென்றால் வழி இல்லாமலா போயிற்று? ஐ.ஐ.டி.களும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். இருக்கிறது. சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் பைத்தானையே முழுப் பாடமாக அதில் நடத்தியிருக்கிறார். பார்க்கக் காசு இல்லை. சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம், அதுவும் மையத்துக்குப் போய் எழுத வேண்டும். இலவசம் என்பதாலேயே அன்று அது என் கண்ணில் மட்டமாகத்தான் பட்டிருக்கும்.

கலந்தாய்வில் இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இ.சி.இ. கிடைத்தது. டிப்ளமோ பட்டமில்லை என்பதால் முதல் பட்டதாரிச் சலுகையும் கிடைத்தது. இருபது வருஷமாக எனக்குக் குறையாக இருந்த காகிதம், அவள் விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தை நிரப்பியது.

கல்லூரி சேர்ந்த பிறகு அவளே ஒன்றைக் கண்டுபிடித்து வந்தாள். சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் ஆன்லைன் படிப்பு. இதற்கு ஜே.இ.இ. வேண்டாம். நாலு வாரம் கணிதம், புள்ளியியல், ஆங்கிலம், கம்ப்யூடேஷனல் திங்கிங் என நாலு பாடம் நடத்துகிறார்கள். வாராந்திர வேலைகளில் போதிய மார்க் எடுத்தால் தகுதித் தேர்வு. அதில் தேறியவர்களுக்கெல்லாம் இடம். பதினொன்றாம் வகுப்பு முடித்தவர்களே விண்ணப்பிக்கலாமாம். பி.இ.யோடு சேர்த்தும் படிக்கலாம்.

"சர்டிஃபிகேட்" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். எங்கள் லைனில் ஸ்கில் மேட்ரிக்ஸ் என்று ஒரு போர்டு உண்டு. பெயருக்கு நேராக ஒரு வட்டம். ஆள் வேலையைச் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் அதில் கால் பாகம் நிரப்புவேன். மகளிடம் கேட்டேன்: "பரீட்ச எங்க எழுதணும்?"

"சென்டருக்குப் போய்தான்ப்பா. வீட்ல இருந்து எழுத முடியாது."

பணம் கொடுத்தேன்.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மையத்துக்கு வெளியே புங்கமரத்தடியில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தவள், ஸ்டாட்ஸ் கஷ்டம், மேக்ஸ் பரவாயில்லை என்றாள். பூந்தமல்லி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது மனசு கேட்காமல், அந்த 64,000 ரூபாய்க் கோர்ஸ் ஏதாவது உதவியதா என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். எனக்காகத்தான் யோசித்தாள் என்று நினைக்கிறேன்.

"ஃபார் லூப் வந்துதுப்பா. அது தெரிஞ்சிருந்துது."