ஆண்ட்ரூஸ் தெருச் செங்கல்

ஹூஸ்டனுக்குப் போகிறவர்களை எல்லோரும் நாசாவுக்குத்தான் அனுப்புகிறார்கள். நான் ஆண்ட்ரூஸ் தெருவுக்கு அனுப்புவேன். நகர மையத்தின் கண்ணாடிக் கோபுரங்களிலிருந்து மேற்கே, நடந்தே போய்விடலாம். வண்டியில் போனால், தார் முடிந்து செங்கல் தொடங்கும் இடத்தில் அது தடதடக்கும். அங்கே இறங்கிக்கொள்ளுங்கள்.

வரலாறு சுருக்கமாக. லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரியில் வந்தது. டெக்சாஸ் அடிமைகளுக்கு விடுதலை அறிவிக்கப்பட்டதோ 1865 ஜூன் 19இல், கால்வெஸ்டனில். தோட்டங்களை விட்டு வந்த பலர் பஃபலோ பாயு ஓடையின் தென்கரையில், யாரும் சீண்டாத சதுப்பில் குடியேறினார்கள். அதுதான் ஃப்ரீட்மென்ஸ் டவுன்; ஆண்ட்ரூஸ் தெரு அதற்குள்தான் இருக்கிறது. 1866இல் ஆன்டியாக் பாப்டிஸ்ட் சபை எழுந்தது. அதன் போதகர் ஜாக் யேட்ஸ், விடுதலை கிடைத்த பிறகும் மனைவி மக்களைப் பிரிய மனமில்லாமல், மறுபடி அடிமையாகி அவர்களோடு டெக்சாஸ் வந்தவர். 1872இல் ஜூன் 19ஐக் கொண்டாடவென்று தோழர்களோடு சேர்ந்து 10 ஏக்கர் நிலம் வாங்கினார். எமன்சிபேஷன் பார்க் என்ற பெயரில் அது இன்னமும் இருக்கிறது.

இனி செங்கல். நகராட்சி இந்தப் பக்கம் சேற்றை அப்படியே விட்டு வைத்ததால், ஜெரமையா ஸ்மித் என்ற போதகரும் சபையாரும் பணம் போட்டு, தாங்களே பதித்த தெரு இது என்கிறார்கள் ஊர்க்காரர்கள். இல்லை, நகராட்சிதான் போட்டது என்று மறுக்கிற ஆய்வாளர்களும் உண்டு. சந்திப்புகளில் கல் பதித்த வரிசை மாறுகிறது. அது மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மரபிலிருந்து வந்தது என்பது ஊரின் நம்பிக்கை. எனக்கு அதில் கொஞ்சம் சந்தேகம்தான். வண்டி திரும்பும் இடத்தில் கல் பெயராமலிருக்கக் கொத்தனார் செய்த ஏற்பாடாகவும் இருக்கலாம். ஆனால் காலடியில் கிடக்கும் கல்லைத் தம் பாட்டன் பதித்ததென்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் சனத்திடம் ரசீது கேட்பது என்ன நியாயம்? அவர்கள் கையெழுத்துப் போட்ட காகிதங்களை யார் பத்திரப்படுத்தினார்கள்?

கோபம் வருவது இதற்குப் பிறகுதான். 1940களில் இங்கிருந்த வீடுகளில் பலவற்றை இடித்துவிட்டு வெள்ளையருக்கு மட்டுமான குடியிருப்பு கட்டினார்கள். பிறகு நெடுஞ்சாலை வந்து ஊரை அறுத்தது. 1985இல் ஃப்ரீட்மென்ஸ் டவுன் வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் ஏறியபோது 500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் இருந்தன; இன்று பெரும்பாலானவை இல்லை. அந்த இடங்களில் மூன்று மாடி வீடுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. 2016இல் நகராட்சி ஒப்பந்தக்காரரின் ஆட்கள் ஆண்ட்ரூஸ், ஜெனிசி தெருக்கள் கூடும் இடத்தில் குழி தோண்டிச் செங்கற்களைப் பெயர்த்தெடுத்தார்கள். எடுத்ததைத் திரும்பப் பதித்துவிட்டால் சரியாகிவிடும் என்பது பொறியாளர் கணக்கு. கலைத்த கோலத்தை அதே மாவால் மறுபடி போட்டாலும் அது வேறு கோலம்.

ஒழுங்காகச் செய்யவும் இந்த நகரத்துக்குத் தெரியும். ஆன்டியாக்கிலிருந்து பிரிந்து யேட்ஸ் 1891இல் தொடங்கிய பெத்தேல் சபையின் கோயில் 2005இல் எரிந்துபோனது. புதுக்கூரை போட்டுப் பூசி மெழுகவில்லை. நின்ற சுவர்களுக்கு எஃகுச் சட்டம் முட்டுக்கொடுத்து, உள்ளே பூங்கா ஆக்கியிருக்கிறார்கள். எரிந்தது எரிந்ததாகவே தெரிகிறது. அந்த அக்கறை தெருவுக்கு ஏன் இல்லை?

தெருவுக்கு அடியில் இருக்கும் குழாய்களை மாற்றத்தான் வேண்டும், மறுக்கவில்லை. நடைபாதைக்கு அடியில் கொண்டுபோகட்டும். செலவு கூடினாலும் பரவாயில்லை. மிச்சமிருக்கும் கல் மேல் கடப்பாரை படக் கூடாது.